மூணு கேமுக்கு அப்புறம் ஈஸி பால் எல்லாம் மிஸ் ஆகுது, என்ன பண்ணலாம்?

கருப்பு எட்டு: ஆபீஸ் முடிஞ்சு பூல் ஆடப் போவேன், பெரும்பாலும் எயிட் பால் தான். முதல் ரெண்டு மூணு கேம் கை தானா போகுது, அதுக்கப்புறம் பாக்கெட் வாசல்ல நிக்கிற பாலைக் கூட விட்டுடுறேன். கடைசி வரைக்கும் ஒரே மாதிரி ஆட என்ன வழி?

பச்சைத்துணி: ரொட்டீன் வேணும் ப்ரோ. எந்த பால், எந்த பாக்கெட், க்யூ பால் (நாம அடிக்கிற வெள்ளை பால்) எங்க வந்து நிக்கணும், எல்லாத்தையும் நின்னுகிட்டே முடிவு பண்ணிட்டு க்யூ குச்சி முனையில சாக் போட்டுட்டு அப்புறம் தான் குனியணும், குனிஞ்ச பிறகு யோசனையே கூடாது, சின்ன சந்தேகம் வந்தாலும் எழுந்து மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிங்க. கஷ்டமான ஷாட்டுக்கு எல்லாரும் இதைச் செய்வாங்க. ஈஸி பாலுக்குத் தான் விட்டுடுவாங்க, நீங்க மிஸ் பண்றதும் அதைத் தானே.

வேகமா அடி: இதை நான் ஒத்துக்கவே மாட்டேன். மால்டாக்காரர் டோனி டிராகோ எவ்வளவு வேகமா ஆடுவார்னு பாத்திருக்கீங்களா? 2007 மொஸ்கோனி கப்ல, அதாவது ஐரோப்பா, அமெரிக்கா டீம்கள் மோதுற பூல் போட்டியில, எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்) அவர் தான். அந்தக் கப்புக்குப் பேர் தந்த அமெரிக்கர் வில்லி மொஸ்கோனியும் வேகமான ஆட்டக்காரர் தான், 1954ல ஒண்ணு கூட மிஸ் ஆகாம தொடர்ந்து 526 பாலைப் பாக்கெட்ல போட்டார். நிறைய யோசிச்சா கை இறுகும், அவ்வளவு தான். இவருக்குப் பிரச்சனை மனசுல இல்ல, ஸ்ட்ரோக்ல. களைப்பு வந்ததும் பிடி இறுகுது, அடிக்கும் போதே தலை தூக்குது.

பச்சைத்துணி: அந்த 526 எட்டடி டேபிள்ல போட்டது, பெரிய போட்டிகள்ல வர்ற ஒன்பதடியை விடச் சின்னது, அதையும் சேத்து சொல்லுங்க. அதோட வேகமா ஆடுறவங்களுக்கு ரொட்டீன் இல்லன்னு யார் சொன்னது? டிராகோ ஒவ்வொரு பாலுக்கும் அதே தாளத்துல தான் ஆடுவார், சீக்கிரம் முடிஞ்சுடும், அவ்வளவு தான் வித்தியாசம். மொஸ்கோனி கப்ல ஷாட் கிளாக்கே (ஒரு ஷாட்டுக்குத் தர்ற நேரம்) 30 செகண்ட் தான், நான் சொன்ன எல்லாம் அதுக்குள்ள தாராளமா முடியும்.

வேகமா அடி: சரி, ஸ்ட்ரோக் கோணலா இருந்தா ரொட்டீன் என்ன செய்யும்? அதே கோணல் அடியைத் தான் ஒழுங்கா திரும்பத் திரும்ப அடிப்பார். கருப்பு எட்டு, ஒண்ணு பண்ணுங்க. க்யூ பால், ஆப்ஜெக்ட் பால் (பாக்கெட்ல போட வேண்டிய பால்), கார்னர் பாக்கெட் மூணும் நேர்கோட்டுல வச்சு ஸ்டாப் ஷாட் அடிங்க. ஆப்ஜெக்ட் பால்ல மோதினதும் க்யூ பால் அப்படியே செத்து நிக்கணும். நின்ன இடத்துல பம்பரமா சுத்துச்சுன்னா நீங்க நடுவுல அடிக்கல, உங்களுக்கே தெரியாம சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) போட்டிருக்கீங்க. முதல் கேம்ல ஒரு தடவை, களைச்ச பிறகு ஒரு தடவை செஞ்சு பாருங்க, மனசா கையான்னு டேபிளே சொல்லிடும்.

கியூபால் அக்கா: இந்த டெஸ்ட் நல்ல விஷயம், கண்டிப்பா செய்யணும் தம்பி. ஆனா ரெண்டு பேரும் கண்ணை விட்டுட்டீங்க. கால்கரி யூனிவர்சிட்டி ஜோன் விக்கர்ஸ் கோல்ஃப் ஆடுறவங்க கண் எங்க போகுதுன்னு ஆராய்ஞ்சவங்க. நல்லா ஆடுறவங்க அடிக்கிறதுக்கு முன்னாடி பார்வையை ஒரே இடத்துல அதிக நேரம் நிறுத்துறாங்க, அதுக்கு க்வயட் ஐன்னு பேரு வச்சாங்க. பூல்லயும் பாருங்க, களைச்சதும் முதல்ல கண் தான் அலையும், க்யூ பால், ஆப்ஜெக்ட் பால், பாக்கெட்னு தாவிகிட்டே இருக்கும். க்யூவைப் பின்னாடி இழுத்ததும் கண்ணை ஆப்ஜெக்ட் பால்ல நிறுத்துங்க, அதுக்கப்புறம் அடிங்க.

வேகமா அடி: அக்கா, அப்படி நிறுத்துறதும் உடம்புப் பழக்கம் தானே, தனியா பயிற்சி பண்ணினா தான் வரும்.

கியூபால் அக்கா: பயிற்சி வேணாம்னு நான் சொல்லல. ஃப்ரெஷ்ஷா இருக்கும் போது மட்டும் பண்ற பயிற்சி இவருக்கு உதவாது. நாலு கேம் முடிஞ்ச பிறகு தனியா கோஸ்ட் ஆடுங்க தம்பி, அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு எதிராளியோட ஆடுற மாதிரி. பிரேக் பண்ணி (அடுக்கி வச்ச பாலை உடைச்சு) க்யூ பாலைக் கையில எடுத்து வேணும்ங்கற இடத்துல வைங்க, ஒரே மூச்சுல டேபிளை முடிக்கணும், ஒரு பால் மிஸ் ஆனாலும் அந்த ராக் (ஆட்டம்) கோஸ்டுக்கு. ஒன்பது பால் வேணாம், அஞ்சுல ஆரம்பிங்க.

பச்சைத்துணி: கோஸ்ட் ஆடும் போதும் ஒவ்வொரு பாலுக்கும் எழுந்து நின்னு முடிவு பண்ணுங்க ப்ரோ, அஞ்சாவது பால் பாக்கெட் வாசல்ல இருந்தாலும்.

கருப்பு எட்டு: இன்னைக்கு சாயங்காலமே முதல்ல ஸ்டாப் ஷாட் டெஸ்ட், கேம் முடிஞ்சு மறுபடி அதே டெஸ்ட். க்யூ பால் சுத்துச்சா நின்னுச்சான்னு வந்து போடுறேன், அப்புறம் உங்க சண்டையைத் தொடருங்க.