பிள்ளைகளோடும் ஆச்சியோடும் மலைப்பக்கம் நடக்க நெல்லையில் எங்கே போகலாம்?

பாளை மீனா:

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டுப் பரீட்சை முடிந்து லீவு வருகிறது. மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. கூட என் அத்தையும் வருவார்கள். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சமதரையில் எங்களைவிட வேகமாக நடப்பார்கள், படி இறங்கும்போது மட்டும் முழங்கால் வலி. குற்றாலம் என்றால் குளிக்க வரிசையில் நின்று, பஜ்ஜி சாப்பிட்டுத் திரும்புவதோடு முடிந்துவிடுகிறது. இந்தத் தடவை அருவிக் குளியல் முக்கியமில்லை. பிள்ளைகள் மரத்தடியில் நடக்க வேண்டும், பறவை சத்தம் கேட்க வேண்டும், ஒரு ஓடையாவது தாண்ட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பாளையங்கோட்டையிலிருந்து காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் வீடு திரும்புகிற மாதிரி இடம் சொல்லுங்கள். கார் இருக்கிறது, ஆனால் மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. அட்டைப்பூச்சி என்றால் மூத்தவளுக்கு ரொம்பப் பயம், அதற்கும் வழி தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

அம்பைக்காரன்:

தங்கச்சி, முதல் நடைக்குப் பாபநாசத்தை விட்டு வேறு எங்கும் போக வேண்டாம். வனத்துறைச் சோதனைச் சாவடி தாண்டி அகஸ்தியர் அருவி வரைக்கும் கார் போகும், வருஷம் முழுக்கத் தண்ணீர் விழுகிற இடம். ஆனால் நான் சொல்ல வந்தது அருவியை இல்லை. அதை ஒட்டியே மேலே கல்யாண தீர்த்தத்துக்குப் படி ஏறுகிறது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மலை ஏறினோம் என்ற திருப்தி வரும், ஐந்து வயதுக்காரனும் கையைப் பிடித்தால் ஏறிவிடுவான். அத்தையைப் படியில் ஏற்ற வேண்டாம், கீழே நிழலில் உட்கார இடம் இருக்கிறது, யாராவது ஒருவர் கூட இருங்கள். மேலே போனால் பாறைக்கு நடுவில் தண்ணீர் தேங்கி அமைதியாகத் தெரியும், அதைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஆழம் அதிகம். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925-ல் தன் மகளைக் காப்பாற்றப் போய் உயிரை விட்டது இந்தப் பாபநாசம் அருவியில்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கதையைப் படி ஏறும்போதே சொல்லிவிடுங்கள், தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று பத்துத் தடவை கத்துவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

காலை எட்டு மணிக்குள் அங்கே இருக்கப் பாருங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் ஏறிவிடும், குரங்கும் கூடவே வரும். கையில் திறந்த சாப்பாட்டுப் பொட்டலம் இருந்தால் பறித்துக்கொண்டு போய்விடும், பிள்ளைகள் பயந்து ஓடினால் பாறையில் வழுக்கும். சாப்பாட்டைக் காருக்குள் வைத்தே முடியுங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாம் சாவடியில் பார்ப்பார்கள், வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டு வந்துவிட்டால் நிற்க வேண்டிய வேலை இல்லை.

களக்காடு செல்வி:

அம்பை அண்ணாச்சி சொன்னது சரி, ஆனால் அத்தையும் சேர்ந்து நடக்க வேண்டும் என்றால் எங்கள் ஊர்த் தலையணைக்கு வாருங்கள் மதினி. பச்சையாற்றுத் தண்ணீர் தடுப்பைத் தாண்டி வழிகிற இடம், இருபக்கமும் மரம் அடர்ந்து நிற்கும், முழங்காலுக்குச் சோதனை வைக்கிற ஏற்றம் கிடையாது. பிள்ளைகள் கால் நனைத்து விளையாடலாம், தண்ணீர் அளவாக வரும் நாளில் மட்டும். மலைக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற செங்கல்தேரிக்குப் போக அனுமதி வாங்க வேண்டும், ஐந்து வயதுப் பிள்ளையோடு அது தேவையும் இல்லை.

திருக்குறுங்குடி மலை நம்பி கோயிலுக்கும் சிலர் சொல்வார்கள். நல்ல காடு, நம்பியாறு கூடவே வரும், ஆச்சிமார் சந்தோஷப்படுவார்கள். ஆனால் நடந்தே போய்த் திரும்புவது சின்னப் பிள்ளைக்கு மிக அதிகம். ஜீப்பில் ஏறிப் போய், கோயில் பக்கத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம். சனிக்கிழமை போகாதீர்கள், பெருமாள் கோயில் ஆனதால் கூட்டம் நெரியும். வனத்துறை என்ன நேரத்துக்குள் இறங்கச் சொல்கிறதோ அதற்கு அரை மணி முன்னாலேயே இறங்கிவிடுங்கள்.

ஊர்சுற்றி 77:

இதெல்லாம் பிக்னிக். மலை என்றால் பொதிகைதான். காரையாறு பக்கம் தெரிந்த ஆள் இருந்தால் காட்டுக்குள் கொஞ்ச தூரம் கூட்டிப்போய்க் காட்டுவார்கள், சாவடியில் கோயிலுக்கு என்று சொன்னால் போதும். பிள்ளைகளுக்கு நிஜக் காடு தெரிய வேண்டாமா?

மலையடிவாரம்:

இந்தப் பேச்சை இங்கேயே நிறுத்துவோம். மீனா, இதைக் கேட்காதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988-லிருந்து. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். முண்டந்துறை வழியாக யானை நடமாட்டம் உண்டு, கரடி உண்டு. சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு என்று பொய் சொல்லி உள்ளே போனால், ஏதாவது ஆகும்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யானைக்கு முன்னால் ஓட முடியுமா? பொதிகை உச்சியான அகத்தியர்கூடம் 1868 மீட்டர். அதற்குக் கேரள வனத்துறை அனுமதியோடு, வருஷத் தொடக்கத்தில், போனக்காடு வழியாகத்தான் போக முடியும். பெரியவர்களே மூச்சு வாங்குகிற ஏற்றம் அது, குடும்ப நடைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் செத்ததை நாம் எல்லோரும் டிவியில் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறையே வந்தது. நிஜக் காடு வேண்டும் என்றால் நேர் வழி இருக்கிறது. அரசு 2024-ல் ட்ரெக் தமிழ்நாடு என்று ஒன்றைத் தொடங்கி நாற்பது பாதைகளை அறிவித்தது, நம் மாவட்டத்துக் காரையாறு மூலிகைவனமும் அதில் ஒன்று. இணையத்தில் பதிந்தால் அந்த ஊர்க்காரர்களே வழிகாட்டியாகக் கூட வருவார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கான வயது விதியைப் பதியும் முன் படித்துக்கொள்ளுங்கள், கோடையில் தீ பயத்துக்கு மூடிவிடுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். சின்னவன் இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் அதில் போகலாம், இப்போதைக்குத் தலையணையும் கல்யாண தீர்த்தமும் போதும்.

டீச்சர் அக்கா:

நான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டமாக மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போகிறவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று கிடையாது, பெரியவர்களுக்குத்தான் உச்சி வேண்டும், அருவி வேண்டும், போட்டோ வேண்டும். ஐந்து வயதுக்காரன் வழியில் ஒரு மரவட்டையைப் பார்த்தால் அங்கேயே கால் மணி நேரம் குந்திவிடுவான், அதுதான் அவனுக்கு மலை. அதனால் எவ்வளவு தூரம் என்று கணக்கு வைக்காமல் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். பத்தரைக்குத் திரும்புவது என்றால், எங்கே நின்றாலும் பத்தரைக்குத் திரும்பிவிடுங்கள், அந்த வளைவைத் தாண்டி ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம் என்ற பேச்சே கூடாது. பிள்ளைகள் அழ ஆரம்பித்த பிறகு திரும்பினால் அடுத்த தடவை மலை என்றதுமே முகத்தைச் சுளிப்பார்கள்.

மூத்தவளை முன்னால் விடுங்கள், சின்னவன் நடுவில், கடைசியில் எப்போதும் ஒரு பெரியவர். ஓட்டப்பந்தயம் வேண்டாம். மலை அணிலைக் காட்டுங்கள், நம் வீட்டு அணில் போல மூன்று கோடு இருக்காது, பெரிய உடம்பு, செம்பழுப்பும் கறுப்புமாக மரத்துக்கு மரம் தாவும். கருமந்தி தெரிந்தால் சத்தம் போடாமல் நின்று பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் புளியோதரை, தேங்காய்த் துவையல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் போதும். பாக்கெட் சிப்ஸ் வேண்டவே வேண்டாம், உறையைக் காற்று தூக்கிப் போனால் மானும் மிளாவும் தின்று சாகும். செருப்பு வேண்டாம், பின்பக்கம் பிடித்துக்கொள்கிற ஷூ போடுங்கள். ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, ஒரு விசில். வழி தவறினால் நடக்காமல் நின்ற இடத்தில் நின்று மூன்று தடவை ஊத வேண்டும் என்று வீட்டிலேயே பழக்கிவிடுங்கள், என் வகுப்புப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொண்டார்கள்.

பாளை மீனா:

எவ்வளவு விஷயம்! எல்லோருக்கும் நன்றி. காட்டுக்குள் ரகசியமாகப் போகிற எண்ணம் எங்களுக்கு இல்லை, அண்ணாச்சி பயப்பட வேண்டாம். அட்டைக்கு என்ன செய்வது? அப்புறம் மாஞ்சோலை பற்றி யாரும் சொல்லவில்லையே, என் கூட வேலை பார்ப்பவர் அங்கே குளிர் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அம்பைக்காரன்:

மாஞ்சோலை அழகு, மறுக்கவில்லை. மணிமுத்தாறு அணை தாண்டிச் சாவடி, அப்புறம் அருவி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. ஆயிரம் மீட்டருக்கு மேலே தேயிலையும் சோலையும். ஆனால் மலைப்பாதை ஓட்டிப் பழக்கமில்லை என்கிறீர்கள், ரோடு குறுகல், கொண்டை ஊசி வளைவுகள், பிள்ளைகள் வாந்தி எடுத்தே களைத்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழையில் மழை அளவு பட்டியலைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள், நாலுமுக்கும் ஊத்தும் தான் எப்போதும் முதலில் இருக்கும். அட்டையும் அங்கேதான் அதிகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது, தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்த குடும்பங்கள் இப்போது வேலையை இழந்து மலையிறங்குகிற நிலைமை. அவர்கள் வீட்டு வாசலில் நின்று செல்பி எடுக்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. போனால் மரியாதையாகப் போங்கள். பொங்கலுக்குப் பிறகு, அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, பழகிய டிரைவரோடு போகலாம்.

களக்காடு செல்வி:

அட்டைக்கு நான் சொல்கிறேன். நீளமான சாக்ஸ், பேன்ட்டை அதற்குள் செருகுங்கள். வேப்பெண்ணெயைக் காலிலும் ஷூவிலும் தடவினால் சீக்கிரம் ஏறாது, ஈரமான சருகில் நிற்காமல் பாறையிலோ வெயில் படும் இடத்திலோ நிற்க வேண்டும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள், உப்பு போட்டால் தானே விழும், இல்லை என்றால் நகத்தால் வாய்ப்பக்கம் மெதுவாகத் தள்ளிவிடுங்கள். விழுந்த பிறகும் ரத்தம் கசியும், ரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் சுரக்கிறது, அதனால்தான். சோப்புப் போட்டுக் கழுவி ஒரு துணியை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். கடித்தது வலிக்கவே வலிக்காது என்று மூத்தவளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். தலையணைப் பக்கம் மழை பெய்யாத நாளில் அவ்வளவாகத் தொந்தரவு இல்லை.

தென்காசி ரயில்:

படி இறங்க முடியாத ஆச்சிக்கு இன்னொரு யோசனை. செங்கோட்டையிலிருந்து புனலூர் போகிற ரயிலில், பகலில் மலையைக் கடக்கிற வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை, அதைத் தாண்டினால் காடு ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வரும், கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம். 1904-ல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, அகலப்பாதையாக்கி 2018-லிருந்து திரும்ப ஓடுகிறது. தென்மலையில் இறங்கினால் கேரள அரசின் சூழல் சுற்றுலா இடம், மரங்களுக்கு நடுவே நடைபாதை, தொங்குபாலம், மான் பூங்கா. டிக்கெட் உண்டு, ஆனால் பாதை சீராக இருக்கும், ஆச்சி தாராளமாக நடக்கலாம். திரும்பி வர வண்டி நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லை என்றால் பஸ்ஸில் ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டை வந்துவிடலாம்.

மலையடிவாரம்:

எங்கே போனாலும் ஒன்று, மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று ஏறும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் பள்ளி மாணவர் ஒருவரை அடித்துக்கொண்டு போனது அப்படித்தான். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ ஆளையும் பையையும் பார்க்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். கிளம்பும் முந்தின நாள் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சாவடியிலும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பாளை மீனா:

சரி, முடிவு பண்ணிவிட்டோம். முதல் சனிக்கிழமை தலையணை, அத்தையும் வருவார்கள். அடுத்த வாரம் நானும் மூத்தவளும் மட்டும் கல்யாண தீர்த்தம், சின்னவன் அப்பாவோடு கீழே. தென்மலையை அரையாண்டு லீவுக்கு வைத்துக்கொள்கிறோம். செல்வி, களக்காட்டில் காலை ஏழு மணிக்கே இட்லி கிடைக்கிற கடை இருந்தால் சொல்லுங்கள்.

களக்காடு செல்வி:

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஆறு மணிக்கே கடைகள் திறந்துவிடும் மதினி, சாம்பாரும் தேங்காய்ச் சட்னியும் சூடாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே கட்டிக்கொள்ளலாம், வாழை இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள்.