ஒரு முரடனை அடக்க இன்னும் 20 மீன் வாங்க வேண்டுமா?

சாட்ஸ்வொர்த்_வாசு எழுதியது:

வணக்கம். என்னிடம் இருப்பது 4 அடி நீளத் தொட்டி, 300 லிட்டர். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் வகை மீன்கள் 9 விட்டேன். இப்போது 6 இருக்கின்றன. மூன்றையும் கொன்றது ஒரே மீன், கரிய உடம்பில் வெளிர்நீலக் கோடு ஓடும் ஆரட்டஸ் ஆண். இப்போது மஞ்சள் லேப் என்ற இன்னொரு வகைச் சிக்லிட்டைக் குறிவைத்திருக்கிறான். அது வடிகட்டியின் நீர் விழும் மூலையில், நீர்மட்டத்தை ஒட்டி நாள் முழுவதும் செங்குத்தாக நிற்கிறது. வால் தேய்ந்த துடைப்பம் போல ஆகிவிட்டது. தீனி போட்டாலும் கீழே வருவதில்லை.

கடைக்காரரைக் கேட்டால், "இன்னும் 20 மீன் விடுங்கள், தானாக அடங்கிவிடுவான்" என்கிறார். மீன் விற்பவர் வேறென்ன சொல்வார்? ஆனால் என் மனைவியும் அவர் கட்சி. "டர்பன் வார்விக் நிலையத்திலிருந்து வரும் மினிபஸ் டாக்சியில் 16 பேரை அடைத்தால் எவனாவது கையை ஓங்க முடியுமா?" என்று கேட்கிறாள். இதில் உண்மை உண்டா?

டொங்காட்_அக்கா எழுதியது:

வாசு தம்பி, உங்கள் வீட்டம்மா சொன்னதில் முக்கால்வாசி சரி. டாக்சியில் ஏறுகிறவர்கள் அரை மணியில் இறங்கிவிடுவார்கள் என்பதுதான் மீதிக் கால்.

இவை பாறை மீன்கள். இவற்றுக்கு மலாவி ஏரிப் பக்கம் வழங்கும் ம்புனா என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. ஏரியில் தோற்ற மீன் அடுத்த பாறைக்கு ஓடிவிடும். உங்கள் தொட்டியிலோ மொத்த 4 அடியும் அவன் ஒருவனின் பட்டா நிலம். 6 மீன்தான் என்றால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சாகும்வரை துரத்த அவனுக்கு நேரம் இருக்கிறது. 25 இருந்தால், ஒன்றைத் துரத்தும்போதே இன்னொன்று குறுக்கே வரும், மூன்றாவது அவன் குகைக்குள் நுழையும். கடி எல்லோருக்கும் பங்காகிவிடும். சமாதானம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். எல்லாத் துடுப்பிலும் கொஞ்சம் கிழிசல் இருக்கும், பிணம் மட்டும் மிதக்காது.

ஆனால் நீங்கள் மீனிடமிருந்து எடுக்கும் தலைவலி அப்படியே வடிகட்டியின் தலையில் ஏறும். இந்த மீன்களுக்குக் காரநீர் வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவின் நஞ்சும் காரநீரில்தான் அதிகம். நம் குழாய் நீர் மென்மையானது. வடிகட்டியில் உள்ள பாக்டீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது நீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும். மீன் கூடக் கூட இது வேகமாக நடக்கும். அதை ஈடுகட்ட நான் நொறுக்கிய சிப்பி ஓட்டைப் பையில் கட்டி வடிகட்டிக்குள் வைக்கிறேன்; வாரந்தோறும் 40 சதவீத நீரை மாற்றுகிறேன். உங்கள் தொட்டிக்கு அது 120 லிட்டர். முதுகு தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் வந்த வெள்ளம் நினைவிருக்கும். எங்கள் ஊர் நீர்சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. அப்போது என் தொட்டியில் 32 மீன்கள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று கொண்டுவந்ததை நாங்கள் குடிக்க வைத்துக்கொள்வதா, மீனுக்கு ஊற்றுவதா? இரண்டாம் வாரம் 20 மீன்களைப் பெயிண்ட் வாளிகளில் போட்டு, பைன்டவுனில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள். அடுத்த ஆண்டு மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பேட்டரிக் காற்றுப்பம்பு இல்லாவிட்டால் மீதியும் போயிருக்கும். நெரிசல் தொட்டியில் ஆக்சிஜன் சீக்கிரம் தீரும்.

அதனால் முதலில் அந்த ஆரட்டஸை வெளியேற்றுங்கள். அவனை வைத்துக்கொண்டு எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் வீண்செலவு. பிறகு ஒரே அளவுள்ள குட்டிகளாக ஒரே நாளில் விடுங்கள். விடுவதற்கு முன் பாறைகளைக் கலைத்து வேறு விதமாக அடுக்கி, விளக்கை அணைத்துவிடுங்கள். எல்லோருக்கும் புது வீடு, பட்டா யாருக்கும் கிடையாது.

மாரிட்ஸ்பர்க்_சிவா எழுதியது:

அக்கா சொன்னதை எல்லாச் சிக்லிட்டுக்கும் பொருத்திவிடாதீர்கள். நான் மத்திய அமெரிக்கச் சிக்லிட்டான கான்விக்ட் ஜோடியோடு இதைச் செய்து பார்த்தேன். முட்டையிட்டதும் அவை இரண்டும் பாதித் தொட்டியை வளைத்துக்கொண்டன. மற்ற 11 மீன்களும் எதிர்க் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. 3 இறந்தன. ம்புனாவிலும் டெமசோனி என்ற வகை என்றால் ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் 12க்கு மேல் வையுங்கள். 5, 6 என்று வைத்தால் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

டொங்காட்_அக்கா எழுதியது:

சிவா சொல்வது சரி. தீனியையும் குறைத்துப் போடுங்கள் தம்பி. பாசி மேய்கிற மீனுக்குப் புழுவாக ஊட்டினால் வயிறு ஊதிப்போகும்.

சாட்ஸ்வொர்த்_வாசு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பாறைகளைக் கலைத்து 14 குட்டிகள் விட்டேன், மொத்தம் 19. வால் போன மஞ்சள் லேப் இப்போது கீழே வந்து தின்கிறது. வாலின் ஓரத்தில் கண்ணாடி போல ஒரு கோடு வளர்ந்திருக்கிறது. கழிவு சேர்ந்து நீரில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமைத் தொட்டதால் நேற்று இரண்டாம் முறை தண்ணீர் மாற்றினேன். முதுகைப் பற்றிக் கேட்காதீர்கள்.

முரடனைக் கடைக்காரரிடமே கொடுத்தேன், பதிலுக்கு 2 குட்டி தந்தார். நேற்று அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். ‘சாதுவான மீன்கள்’ என்று எழுதிய தொட்டியில் அவன் ஒருவன் மட்டும் நீந்திக்கொண்டிருந்தான்.