பொங்கோல் வண்டியில் உட்கார்ந்திருக்கிற அந்த ஆள்

கியர்_கண்ணன்:
சிஓஇ (கார் வைத்துக்கொள்ள வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழ்) ஏலம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நம்ம எதிர்காலவாணன் எழுதியது இது: "இன்னும் பத்தே வருடம், சிங்கப்பூரில் எவனும் சொந்தக் கார் வைத்திருக்க மாட்டான், எல்லாம் தானே ஓடும். இப்போது லட்சம் வெள்ளி கொட்டிக் கார் வாங்குகிறவன் ஏமாளி." படித்துவிட்டுப் பேசாமல் தூங்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஐயா, பொங்கோலில் தானே ஓடும் என்கிற அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஒருநாள் போய் நின்று பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் ஆள் இருக்கிறார். சீட் பெல்ட் போட்டு, இரண்டு கையும் ஸ்டியரிங்குக்குக் கீழே, தொடாமல், ஆனால் பட்டென்று பிடிக்கிற தூரத்தில். இதைத்தான் ஆளே இல்லாத எதிர்காலம் என்கிறீர்களா?

எதிர்காலவாணன்:
வந்துவிட்டார். நான் எழுதியது பத்து வருடம் கழித்து நடக்கப்போவதை. வாடகை வண்டி நிறுவனம் கிராப்பும் தானோட்டித் தொழில்நுட்ப நிறுவனம் வீரைடும் ஒரு பக்கம், அதேபோல் கம்ஃபர்ட்டெல்குரோவும் போனி.ஏஐயும் இன்னொரு பக்கம் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் பொங்கோலுக்குத் தானோட்டி வண்டிகளை அறிவித்ததே 2025 செப்டம்பரில்தான். ஆரம்பத்தில் பாதுகாப்புக்கு ஒருவர் இருப்பார் என்று மறைக்காமல் சொன்னார்கள். அமெரிக்காவில் பீனிக்ஸ் வட்டாரத்தில் வேமோ நிறுவனத்தின் வண்டி 2020 அக்டோபரிலிருந்தே சீட்டில் யாரும் இல்லாமல் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அது மட்டும் உங்கள் கண்ணில் படாது.

கியர்_கண்ணன்:
பீனிக்ஸ் பாலைவனம் சார். இங்கே டிசம்பர் மழையில் பிஐஇ விரைவுச்சாலையில் போயிருக்கிறீர்களா? முன்னால் போகிற லாரியின் பின்விளக்கே தெரியாது. அதை விடுங்கள், நான் பீனிக்ஸ் கேட்கவில்லை, பொங்கோல் கேட்டேன். சீட்டில் ஆள் இருக்கிறாரா, இல்லையா?

செங்காங்_செல்வி:
வடகிழக்கு எம்ஆர்டி 2003-லிருந்து ஓட்டுநர் இல்லாமல்தான் ஓடுகிறது. தீபாவளி நேரத்தில் தேக்காவில் பார்க்கிங் கிடைக்காது என்று அதே ரயிலில் வந்து இறங்கியதாகக் கண்ணன் அண்ணனே போன வருடம் எழுதியிருந்தார். அப்போது பயம் வரவில்லை போல.

கியர்_கண்ணன்:
அக்கா, தண்டவாளத்தில் உணவு டெலிவரி பையன் குறுக்கே வருகிறானா? பேருந்து பிடிக்க சிவப்பு விளக்கில் ஓடி வருகிற ஆன்ட்டி இருக்கிறாரா? ரயிலையும் ரோட்டையும் ஒன்றாகப் பேசுகிறவர்களிடம் நான் என்ன சொல்ல.

டாக்சிக்காரர்_மகன்:
எல்லோரும் வண்டியைப் பற்றியே பேசுகிறீர்கள். இங்கே டாக்சி உரிமம் குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும்தான். என் அப்பா இந்த வயதிலும் இரவு ஷிப்ட் எடுக்கிறார். அவர் பிழைப்பை யாராவது நினைத்தீர்களா?

எதிர்காலவாணன்:
தம்பி, அப்பா மேல் மரியாதை உண்டு, ஆனால் ஓட்டுநர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, புதிதாக வருகிறவர்கள் குறைவு, அதனால்தானே இதைக் கொண்டுவருகிறார்கள்.

டாக்சிக்காரர்_மகன்:
"மரியாதை உண்டு, ஆனால்" என்று ஆரம்பித்தாலே போதும், மீதி தெரியும்.

கியர்_கண்ணன்:
தம்பி சொன்னது சரி. அப்புறம் எல்லோருக்கும் ஒரு பழைய கதையை நினைவுபடுத்துகிறேன், ஏனென்றால் இங்கே ஞாபகசக்தி கொஞ்சம் கம்மி. 2016 ஆகஸ்டில் இங்கே ஒன்-நார்த் வட்டாரத்தில் நூட்டோனமி என்ற நிறுவனம் பொதுமக்களை வைத்து ரோபோ டாக்சி சோதனை ஆரம்பித்தது, உலகத்திலேயே முதல் என்று ஒரே தம்பட்டம், 2018-க்குள் தீவு முழுக்க ஓடப்போகிற மாதிரி பேச்சு. அக்டோபரிலேயே தடம் மாறும்போது லாரியில் போய் இடித்தது. மெதுவாகத்தான், யாருக்கும் அடியில்லை, மென்பொருள் கோளாறு என்று அவர்களே ஒத்துக்கொண்டார்கள். கவனியுங்கள், அன்றைக்கு வண்டிக்குள் பொறியாளர்கள் இருந்தார்கள். 2018 மார்ச்சில் அரிசோனாவில் டெம்பி ஊரில் ஊபர் சோதனை வண்டி சாலையைக் கடந்த பெண்ணை இடித்துக் கொன்றது. அங்கேயும் சீட்டில் ஆள். எங்கே பார்த்தாலும் ஆள், ஆள், ஆள். 2018-ம் போய்விட்டது, ஆள் மட்டும் இன்னும் எழுந்து போகவில்லை.

எதிர்காலவாணன்:
அந்த ஊபர் ஆள் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? மனிதனை நம்ப முடியாது என்பதற்கு நீங்களே சாட்சி கொண்டுவருகிறீர்கள்.

கியர்_கண்ணன்:
அதையேதான் நானும் சொல்கிறேன், ஆள் இருந்தார்! சீட்டில் ஆளே வேண்டாம் என்கிறீர்களா, அதற்கும் கதை இருக்கிறது. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜிஎம் கார் நிறுவனத்தின் குரூஸ் ரோபோ டாக்சி, உள்ளே ஒருவரும் இல்லை, வேறு கார் மோதித் தன் முன்னால் வந்து விழுந்த பெண்ணை அடியில் போட்டு இழுத்துக்கொண்டே ஓரம் கட்டியது. மனிதனாக இருந்தால் இறங்கிப் பார்த்திருப்பான். அடுத்த வருடம் டிசம்பரில் ஜிஎம் அந்த ரோபோ டாக்சிக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டது. இதற்கு என்ன பதில்?

செங்காங்_செல்வி:
மனிதன் இறங்கிப் பார்ப்பானாம். இடித்துவிட்டு நிற்காமல் போகிறவர்களைப் பற்றி அண்ணன் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் எதிர்காலவாணனுக்கும் ஒன்று. ரோபோ ஓட்டினாலும் வண்டி ரோட்டில் இடம் பிடிக்கத்தானே செய்யும்? இங்கே 2018 பிப்ரவரியிலிருந்து கார் எண்ணிக்கையின் வளர்ச்சி 0 விழுக்காடு என்று வைத்திருக்கிறார்கள். பிரச்சினை ஓட்டுகிறவன் இல்லை, இடம்.

எதிர்காலவாணன்:
ஒரே வண்டியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் இடம் மிச்சம்தானே. கண்ணனின் கார் நாள் முழுக்கக் கார்ப்பேட்டையில் தூங்குகிறது, அதற்கும் மாதாமாதம் காசு கட்டுகிறார். இவருடைய எரிச்சலுக்குக் காரணமே வேறு. 2023 அக்டோபரில் பி பிரிவு (பெரிய கார்களுக்கான) சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனபோது சாவியைக் கையில் பிடித்துப் படம் போட்டவர் யார்?

கியர்_கண்ணன்:
என் காசு, என் கார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்ப்பேட்டை மேல்தளத்தில் நானே துணி பிழிந்து துடைக்கிறேன், டேஷ்போர்டில் பிள்ளையார் வைத்திருக்கிறேன், பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டே வருகிறார்கள். பத்துப் பேர் உட்கார்ந்து எழுந்த சீட்டில் போக நான் ஏன் ஆசைப்பட வேண்டும்? பொறாமை என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். அதோடு சீட்டில் இருக்கிற ஆளைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

செம்பவாங்_மச்சான்:
நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். பெயர் கியர் கண்ணன், ஆனால் அந்தப் படத்தில் இருந்தது ஆட்டோ கியர் வண்டி மாதிரி தெரிந்ததே?

கியர்_கண்ணன்:
ஊரில் மேனுவல் ஓட்டியவன்தான் நான். இங்கே வேலை விட்டு வரும் நெரிசலில் கிளட்ச் மிதித்தால் முட்டி என்னாகும் என்று தெரியுமா?

செம்பவாங்_மச்சான்:
அப்போ கியரை மிஷினிடம் கொடுக்கலாம், ஸ்டியரிங்கைக் கொடுக்கக்கூடாது. சரி லா, புரிந்தது.

கியர்_கண்ணன்:
கியரும் ஸ்டியரிங்கும் ஒன்றா? கார் வைத்துப் பார்க்காதவர்கள் எல்லாம் கார் கலாச்சாரம் பேச வந்துவிட்டார்கள்.

செங்காங்_செல்வி:
கார் வைத்திருப்பவர்தான் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்தாரா? ஜொகூரில் மீன்தலைக் கறி என்று குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு போனதாக நீங்கள்தானே எழுதினீர்கள்.

கியர்_கண்ணன்:
அது மீட்டர் கோளாறு. அன்றைக்கே விளக்கம் எழுதிவிட்டேன், போய்த் தேடிப் படியுங்கள்.

செங்காங்_செல்வி:
படித்தேன். அதில் மீட்டர் இல்லை, மனைவி ஞாபகப்படுத்தவில்லை என்று இருந்தது.

எதிர்காலவாணன்:
ஹா ஹா.

கியர்_கண்ணன்:
குடும்பத்தை இழுக்காதீர்கள், அக்கா.