இடிந்த கோபுர வீடு: தளம் வாசலோடு ஒட்டவில்லை, அளவு தவறா?

சுண்ணாம்புக்கல்: அயர்லாந்தின் கால்வே பக்கம் கூரையும் மரத்தளங்களும் போய், சுவர் மட்டும் நிற்கும் ஒரு கோபுர வீட்டை (கோபுரம் போல உயர்ந்த பழைய கல் கோட்டை வீடு) பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மறுபடி எழுப்பிப் பார்க்கிறேன். ட்ரோன் படங்களை, படங்களிலிருந்து 3டி மாடல் செய்யும் மெட்டாஷேப்பில் போட்டதில் புள்ளிமேகம் (சுவர்களின் வடிவத்தைக் காட்டும் புள்ளிகளின் தொகுப்பு) சுத்தமாக வந்தது. உள்சுவரில் வரிசையாகத் துருத்தி நிற்கும் தாங்குகற்களின் தலையில் தளத்தை வைத்தேன். இப்போது சுழல்படியிலிருந்து அறைக்குள் வரும் வாசல், தளத்துக்கு 55 செ.மீ. மேலே தொங்குகிறது! வாசல் பக்கத்துச் சிற்றறைகளும் பெரிய அறையின் மட்டத்துக்கு வரவில்லை. எங்கே பிழை?

அளவுகோல்: மாடலின் அளவு சரிதானா? டேப் வைத்துப் பார்த்தீர்களா?

சுண்ணாம்புக்கல்: பார்த்தேன். கீழ்வாசல் அகலத்தில் 1 செ.மீ. வித்தியாசம்தான்.

தச்சன்மகன்: அப்படியானால் மாடலில் குறையில்லை. தாங்குகல் தளம் இல்லை, தளத்துக்கு அடியில் இருப்பது. அதன்மேல் சுவரை ஒட்டி ஒரு உத்தரம் கிடக்கும், உத்தரத்தின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதற்கும் மேலேதான் பலகை. உத்தரம் 25, சட்டம் 25, பலகை 4 என்று வையுங்கள், உங்கள் 55 கிட்டத்தட்ட வந்துவிடும். கில்கெனி பக்கத்து கிளாரா கோட்டையில் பழைய ஓக் மரங்கள் இன்னும் இருக்கின்றன. அதன் படங்களைப் பார்த்தால் அடுக்கு புரியும். எப்போதும் வாசற்படியிலிருந்து கீழ்நோக்கி எண்ணுங்கள். கல் வாசல் நகராது, மரம்தான் போய்விட்டது.

சிற்றறைகளை இழுத்து நேர் செய்யாதீர்கள். இந்த வகை வீடுகளில் வாசலுக்கு மேலுள்ள அறைகள் பெரும்பாலும் தனி மட்டத்தில்தான் அடுக்கப்பட்டிருக்கும். வாசல் நடையின் கூரையில் ஒரு துளை இருக்கிறதா பாருங்கள். வேண்டாத விருந்தாளிகளை மேலிருந்து ‘கவனிக்கும்’ துளை அது.

சுண்ணாம்புக்கல்: இருக்கிறது! உடைசல் என்று நினைத்து அடைத்துவிட்டேன். கல் வளைவுக் கூரையின் அடியிலும் கூடைப் பின்னல் போல வரி வரியாக இருந்தது. ஸ்கேன் இரைச்சல் என்று அதையும் மழுக்கிவிட்டேன்.

தச்சன்மகன்: ஐயோ, உடனே திரும்ப எடுங்கள். வளைவு கட்டும்போது மரச் சாரத்தின் மேல் குச்சிப் பின்னல் பாய் விரித்து, அதன்மேல் சாந்தும் கல்லும் போடுவார்கள். பாயைப் பிரித்த பிறகும் ஈரச்சாந்தில் அதன் தடம் நின்றுவிடும். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய கைவேலை அது.

சுண்ணாம்புக்கல்: தளத்தை ஏற்றிவிட்டேன், இப்போது வாசல் உட்கார்ந்துவிட்டது. நன்றி அண்ணா. உச்சியில் ஐவிக் கொடி மூடியிருக்கிறது. கைப்பிடிச் சுவரைப் படிப்படியான ஐரிஷ் பாணியில் வைக்கலாமா?

தச்சன்மகன்: ஒரு மூலையாவது தெரிந்தால் வையுங்கள். தெரியாத இடத்துக்கு வெளிர் சாம்பல் பூசுங்கள், பார்க்கிறவர்களுக்கு ஊகம் எது, கல் எது என்று தெரியட்டும்.