2,000 ரூபாய்க்குள் வாசல் பூந்தோட்டம், 12க்கு 3 அடி இடம்: எதில் ஆரம்பிக்கலாம்?

வாசல்படி:
திருச்சியில வீடு. மதிலை ஒட்டி 12 அடி நீளம், 3 அடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கு. மேற்கு பார்த்தது, மதியம் 1 மணிக்கு மேல நல்ல வெயில். வீடு கட்டினப்போ கொட்டின சிமெண்ட் கட்டி, உடைஞ்ச செங்கல் எல்லாம் மண்ணுக்குள்ள இருக்கு. நர்சரியில இட்லிப்பூ, ரோஜா, காகிதப்பூன்னு பத்துப் பதினைந்து செடி வாங்கி வெச்சிடலாமா? கையில 2,000 ரூபாய்தான்.

செம்மண்காடு:
செடிக்கு இப்போது ஒரு ரூபாய் கூடச் செலவழிக்காதீர்கள். அந்த மண்ணில் எதை வைத்தாலும் ஆறு மாதத்தில் சுணங்கிவிடும். பணம் முழுவதும் மண்ணுக்குப் போகட்டும்.

ஒரு அடி ஆழம் வெட்டி, மண்ணைச் சல்லடையில் சலித்துக் கட்டிகளை அகற்றுங்கள். மொத்தக் குழி 36 கன அடி. பாதிக்குச் சலித்த பழைய மண்ணே போதும். மீதிக்குச் செம்மண் 7 சாக்கு, மட்கிய தொழு உரம் 7 சாக்கு (சிமெண்ட் மூட்டைச் சாக்கு அளவு). உரக் குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ சாண வாடை அடித்தாலோ வாங்க வேண்டாம், வேர் கருகும். உருண்டு சுருண்ட வெள்ளைப் புழு இருக்கும், வேரைத் தின்பது அதுதான். கொட்டும்போதே பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

தோண்டும்போது கிடைக்கும் முழுச் செங்கலைத் தூக்கி எறியாதீர்கள். முன் ஓரத்தில் சாய்வாக, பாதி மண்ணுக்குள் போகும்படி வரிசையாகப் புதைத்தால் 12 அடிக்கு 35 கல் போதும். காசில்லாத வரப்பு, பார்வைக்கும் லட்சணம்.

பூக்கட்டு:
பத்துச் செடி பத்து வகையா வெச்சா சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். மூணே வகை போதும், ஆனா வரிசையா. மதிலோரம் செம்பருத்தி, 3 அடிக்கு ஒண்ணு, நாலு செடி. நடுவுல துலுக்க சாமந்தி, ஒரு அடி இடைவெளி. முன்னால பத்துமணிப்பூ, அரை அடிக்கு ஒண்ணு. மூணுமே மேற்கு வெயிலைத் தாங்கும்.

செம்பருத்தியை அக்கம்பக்கத்துல கேட்டாலே ஒடிச்சுக் கொடுப்பாங்க. பென்சில் கனம், 7 அங்குலம், கணுவுக்குக் கீழே சாய்வா வெட்டணும். மேல ரெண்டு இலையை விட்டு மத்ததைக் கிள்ளிட்டு, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி கவர்ல ஊன்றி நிழல்ல வையுங்க. பாதி காய்ஞ்சு போகும்னு வெச்சுக்கிட்டு எட்டு குச்சியா போடுங்க. புதுத் துளிர் வந்ததுமே வேர் விட்டாச்சுன்னு பிடுங்கிப் பார்க்கிறதுலதான் நிறையப் பேர் கெடுத்துக்கிறாங்க. குச்சியில இருக்கிற சத்துலயே துளிர் வரும். கவர் ஓட்டையில வெள்ளை வேர் தெரியணும், அப்புறம்தான் இடம் மாத்தணும்.

பத்துமணிப்பூவுக்கு 3 அங்குல நுனி போதும், நேரா மண்ணுல குத்திடலாம். தினமும் தண்ணி ஊத்தினா அழுகிடும்.

வாசல்படி:
நன்றிங்க. துலுக்க சாமந்திக்கு பூமாலையில இருந்து விதை எடுக்கலாமா? இட்லிப்பூ மேல வீட்டுல ஒரு ஆசை, அது வேண்டவே வேண்டாமா?

பூக்கட்டு:
மாலைப் பூ பெரும்பாலும் முற்றாமப் பறிச்சது, விதை பதரா இருக்கும். செடியிலேயே காய்ஞ்ச பூவா கேட்டு வாங்குங்க. நல்ல விதை ஊசி மாதிரி, கருப்பா, கொஞ்சம் விறைப்பா இருக்கும். மேல லேசா மண் தூவினா போதும், ஒரு வாரத்துல முளைக்கும். ஒரு மாசத்துல நுனியைக் கிள்ளிவிடுங்க, பக்கக்கிளை வெடிச்சுப் பூ கூடும்.

செம்மண்காடு:
இட்லிப்பூவைத் தொட்டியில் வையுங்கள். சிமெண்ட் கலந்த மண்ணில் சுண்ணாம்பு அதிகம், இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றுவார்கள். அப்படி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 5 கிராம், அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். மண்ணில் போட்டால் வீண்.

செம்பருத்தித் தண்டில் எறும்பு ஏறுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள். ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கலாம், இருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி இலையின் அடிப்பக்கம் படும்படி வாரம் ஒருமுறை.