அம்மாவுக்கு மேல் இமை ஆப்பரேஷன்: தேதி வாங்கும் முன் என்னென்ன முடிக்க வேண்டும்?

சாட்ஸ்வொர்த் மகள்
நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 66. இரண்டு மேல் இமைகளும் தொங்கிப்போய், டிவி பார்க்கவே முகவாயைத் தூக்க வேண்டியிருக்கிறது. ஆப்பரேஷன் செய்யலாம் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார், தேதி இன்னும் குறிக்கவில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு எனலாப்ரில், கூடவே தினமும் ஒரு எகோட்ரின் எடுக்கிறார். அழகுக்காகச் செய்வது என்று சொல்லி மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) தட்டிக் கழித்துவிடுமோ என்று கவலை. தைப்பூசத்துக்குக் காவடி நேர்த்தி வேறு இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இமைப்பிரிவு
தொங்குவது தோலா, இமையேவா என்று டாக்டரிடம் முதலில் தெளிவாகக் கேளுங்கள். தோல் மட்டும் தளர்ந்து இமைமேல் விழுந்தால், உபரித் தோலை வெட்டித் தைப்பார்கள். இமையைத் தூக்கும் தசைநார் தளர்ந்து விளிம்பே இறங்கியிருந்தால் அது வேறு ஆப்பரேஷன். அம்மாவை நேராகப் பார்க்கச் சொல்லி டார்ச் அடித்தால் கருவிழி நடுவே ஒரு ஒளிப்புள்ளி தெரியும். அங்கிருந்து மேல் இமை விளிம்பு வரை 4 மி.மீ. அளவுக்கு இருக்க வேண்டும். 2 மி.மீ. அல்லது அதற்கும் கீழே என்றால் இமையே இறங்கியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. தோலை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் "ஆப்பரேஷன் செய்தும் கண் திறக்கவில்லையே" என்ற புலம்பல்தான் மிஞ்சும்.

காலையில் சரியாக இருந்து சாயங்காலம் அதிகமாகத் தொங்குகிறதா? அதைச் சொல்லாமல் விடாதீர்கள். தசைச் சோர்வு நோய் இருந்தால் கத்திக்கு முன் அதற்குத்தான் வைத்தியம். (ஒரு பக்கம் திடீரென்று விழுந்து, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிந்தால் அன்றைக்கே காஷுவால்ட்டி போக வேண்டும்.)

மெடிக்கல் எய்டுக்கு மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். ஒன்று, பார்வைப் புலச் சோதனை. அதை இரண்டு முறை எடுக்க வேண்டும், இமை இருக்கிறபடியே ஒரு முறை, பிளாஸ்திரி ஒட்டித் தூக்கி ஒரு முறை. மேல்பக்கப் பார்வை எவ்வளவு மறைகிறது என்பது இந்த இரண்டின் வித்தியாசத்தில் தெரியும். அடுத்து, முன்பக்கத்திலும் பக்கவாட்டிலும் போட்டோ. நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்காமல் எடுக்க வேண்டும். பலரும் அறியாமலே நெற்றியால் இமையைத் தூக்கிப் பழகியிருப்பார்கள், போட்டோவில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். மூன்றாவது நோய்க் குறியீடு. எச் 02.4 என்றால் இமை இறக்கம், எச் 02.3 தோல் தளர்ச்சி. பின்னதைத்தான் மெடிக்கல் எய்ட் ஸ்கீம்கள் அழகுக் கணக்கில் தள்ளப் பார்க்கும். டாக்டர் கண்டது எதுவோ அதையே எழுத வேண்டும், நமக்குச் சாதகமாக மாற்றச் சொல்லிக் கேட்பது வம்பு.

பில் மூன்று இடத்திலிருந்து வரும்: சர்ஜன், மயக்க டாக்டர், மருத்துவமனை. மூன்றுக்கும் செலவு மதிப்பீடு வாங்கி, மெடிக்கல் எய்டிடம் முன் அனுமதி எண் பெறுங்கள். "100 சதவீதம் கொடுக்கிறோம்" என்றால் ஸ்கீம் விலையில் 100 சதவீதம், டாக்டர் போடும் பில்லில் அல்ல. அதற்கு மேல் வருவது உங்கள் பை.

மருந்துக்கடை ஆள்
எகோட்ரின் என்பது ஆஸ்பிரின், ரத்தம் உறைவதைக் குறைப்பதால் ஆப்பரேஷனில் ரத்தம் அதிகம் கசியலாம். அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர், ஸ்ட்ரோக் வந்தவர் என்றால் நிறுத்துவதுதான் ஆபத்து. வெறும் முன்னெச்சரிக்கைக்கு எடுப்பவராக இருந்தால் 7 முதல் 10 நாள் முன்பு நிறுத்தச் சொல்வது வழக்கம், ஏனென்றால் ஆஸ்பிரின் பட்ட ரத்தத் தட்டுகள் மாறிப் புதிதாக வர அவ்வளவு நாள் ஆகும். எழுதிக் கொடுத்த டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு செய்யட்டும்.

ஏமாற்றுவது வீட்டு அலமாரி. தலைவலிக்குப் போடும் கிராண்ட்பா பவுடரிலும் டிஸ்ப்ரினிலும் ஆஸ்பிரின் இருக்கிறது. மைப்ரோடால் என்ற வலி மாத்திரையில் ஐபுப்ரோஃபென், அதுவும் ரத்தம் உறைவதைக் குறைக்கும். எகோட்ரினை நிறுத்திவிட்டு முட்டிவலிக்குப் பவுடர் போட்டால் நிறுத்தியதே வீண். மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை மூன்றையும் இரண்டு வாரம் முன்பே விடுங்கள். குழம்பில் போடும் பூண்டு பரவாயில்லை. வலிக்குப் பனாடோ (பாராசிட்டமால்) 500 மி.கி. இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளைக்கு 8-க்கு மேல் வேண்டாம்.

சாட்ஸ்வொர்த் மகள்
நன்றி அண்ணா. அன்று காலை டீ மட்டுமாவது குடிக்கலாமா? சர்க்கரை இறங்கிவிடாதா?

தியேட்டர் சிஸ்டர்
பால் டீ சாப்பாட்டுக் கணக்கு, 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை. சர்க்கரைக்காரர் என்பதால் லிஸ்டில் முதல் ஆளாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். பட்டினியில் மெட்ஃபார்மின் வேண்டாம். எனலாப்ரிலைச் சில மயக்க டாக்டர்கள் அன்று காலை விடச் சொல்வார்கள், சிலர் ஒரு மிடறு தண்ணீரில் போடச் சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள் அக்கா. சர்க்கரைக்குப் போடும் ஓசெம்பிக் ஊசி போட்டுக்கொள்பவர் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வயிறு காலியாக நேரமாகும், பட்டினி கிடந்தும் உள்ளே சாப்பாடு இருக்கும்.

முழு மயக்கம் அநேகமாக இருக்காது. இமை இறக்கத்துக்கு நடுவில் கண்ணைத் திறந்து மேலே பார்க்கச் சொல்லி உயரம் சரிபார்ப்பார்கள், அதனால் லேசான மயக்கமும் மரப்பு ஊசியும்தான். ஊசி சில நொடி எரியும், அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அன்று கண்மை, தலைக்கு எண்ணெய், முகத்துக்குக் கிரீம் எதுவும் வேண்டாம். முன்னிரவே தலை குளித்துவிடட்டும். மூக்குத்தி, தாலிச் சங்கிலியைக் கழற்றுவதா பிளாஸ்திரி ஒட்டுவதா என்று வார்டில் கேளுங்கள், ரத்தம் நிற்க ரத்தக்குழாயைச் சுடும் கருவி மின்சாரத்தில் ஓடும், நகை உடம்பில் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடலாம். தலை வழியாக மாட்டாத, முன்பக்கம் பட்டன் வைத்த உடுப்புப் போதும்.

வீட்டில் தலையணை மூன்றாக அடுக்கித் தலை உயர்ந்தே இருக்க வேண்டும். முதல் 48 மணி நேரம், விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை 10 நிமிடம் குளிர் ஒத்தடம். உறைந்த பட்டாணிப் பை சுத்தமான துணியில் சுற்றினால் சரியாக உட்காரும், ஐஸை நேரே வைக்காதீர்கள். தையல் 5 முதல் 7 நாளில் எடுப்பார்கள். டிசம்பர் நடுவில், லீவு நேரத்தில் தேதி கொடுத்தால், தையல் எடுக்க அந்த சர்ஜன் ஊரில் இருப்பாரா என்று கேட்டுவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

காவடியைப் பொறுத்தவரை, முடித்துவிட்டே ஆப்பரேஷன் வைப்பது நல்லது. இரண்டு வாரம் குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. விபூதி, கற்பூரப் புகை, வியர்வை எல்லாம் புதுத் தையலுக்கு ஆகாது. விரதத்தோடு மெட்ஃபார்மின் எடுப்பதற்கும் டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

வீக்கமும் கன்றலும் இரண்டு வாரம் சகஜம். ஆனால் ஒரு கண்ணில் வலி ஏறிக்கொண்டே போய், விழி வெளியே தள்ளி, பார்வை மங்கினால் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். அபூர்வம்தான், வந்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை இறக்காவிட்டால் பார்வை போகும். அப்போது பனாடோ கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். ராத்திரியில் போன் எடுப்பது யார், எந்த எண் என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.