'ஆஸ்', 'லைக்' வந்தாலே உவமையா?

கேள்விக்குறி:
ஆங்கிலக் கதைகள் படிக்க ஆரம்பித்து மூன்று மாதமாகிறது. வார்த்தைகளை அகராதி பார்த்துச் சமாளித்துவிடுகிறேன், உவமை வந்தால்தான் மாட்டிக்கொள்கிறேன். நேற்று 'லைக் எ புல் இன் எ சைனா ஷாப்' என்று வந்தது. சீனாக்காரர் கடைக்கு மாடு எதற்குப் போகிறது என்று பத்து நிமிடம் யோசித்தேன், சிரிக்காதீர்கள். அப்புறம், 'ஹீ இஸ் ஆஸ் டால் ஆஸ் ஹிஸ் பிரதர்' என்பது உவமையே இல்லை என்கிறான் நண்பன். இரண்டு 'ஆஸ்' இருக்கிறதே?

ஒற்றுப்பிழை:
நண்பர் சொன்னது சரி. அண்ணனும் ஆள், தம்பியும் ஆள், டேப் வைத்து அளந்தால் தெரிந்துவிடும், அது வெறும் ஒப்பீடு. 'ஆஸ் டால் ஆஸ் எ ட்ரீ' என்றால் உவமை, ஏனென்றால் மனிதன் வேறு, மரம் வேறு, உயரம் ஒன்றுதான் பொது. 'இட் லுக்ஸ் லைக் ரெயின்' என்பதிலும் உவமை கிடையாது. நாம் 'அவன் வரமாட்டான் போல' என்கிறோமே, அந்தப் 'போல'தான் அது.

சைனா என்றால் அங்கே பீங்கான், சீனா என்றால் முதல் எழுத்து பெரிதாக இருக்கும். பீங்கான் கடைக்குள் காளை புகுந்தால் என்ன ஆகும்? பக்குவமாகக் கையாள வேண்டிய இடத்தில் தடாலடியாக எதையாவது செய்து கெடுப்பவரை அப்படிச் சொல்வார்கள்.

அரைப்புள்ளி:
எழுதும்போது இன்னொன்றையும் பாருங்கள். 'ஷீ ஸ்போக் ஆஸ் எ டாக்டர்' என்றால் அவர் டாக்டரேதான், அந்தப் பொறுப்பில் பேசினார். 'லைக் எ டாக்டர்' என்றால் பேச்சு மட்டும் டாக்டர் மாதிரி.

பழைய பேனா:
நம் உவமையை அப்படியே ஆங்கிலத்தில் இறக்காதீர்கள், நான் பட்டிருக்கிறேன். பிடி நடை, அதாவது பெண் யானையின் நடை, என்று நம் புலவர்கள் பாடியிருக்கிறார்களே என்று, கட்டுரையில் ஒரு பெண் 'லைக் அன் எலிஃபன்ட்' நடந்தாள் என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையில் வட்டம் போட்டு 'பாவம் அந்தப் பெண்' என்று எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் யானை என்றால் பருமன், இல்லாவிட்டால் மறக்காத நினைவாற்றல், நடையழகு கிடையாது.

அவர்களுடையதையும் சொல்லுக்குச் சொல் பிரிக்க முடியாது. 'டிரிங்க்ஸ் லைக் எ ஃபிஷ்' என்றால் மொடாக்குடியர், 'ஈட்ஸ் லைக் எ பேர்ட்' என்றால் கொறிப்பதோடு சரி. வௌவாலுக்குக் கண் தெரியும், ஆனாலும் 'பிளைண்ட் ஆஸ் எ பேட்'தான். இதில் முதல் 'ஆஸ்' விழுந்திருப்பதைக் கவனியுங்கள், பேச்சில் அது அடிக்கடி விழும். 'கிளியர் ஆஸ் மட்', சேறு மாதிரித் தெளிவு, என்றால் ஒன்றும் புரியவில்லை என்ற நக்கல்.

கேள்விக்குறி:
நன்றி. 'ஸ்லெப்ட் லைக் எ லாக்' என்றும் ஒன்று காதில் விழுந்தது. பூட்டு எப்படித் தூங்கும்?

ஒற்றுப்பிழை:
அந்த 'லாக்' கடைசியில் 'ஜி' வரும், மரக்கட்டை. அடித்துப்போட்ட மாதிரி தூங்கினான் என்கிறோமே, அதுதான்.